எங்கள் தெருவின் அந்த இரண்டு பேர்

ஏப்ரல் 19, 2021, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகக் காபித்தூள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். வாசனை வந்தது. ஒரே ஒரு சாம்பிளை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று பெருங்காய டப்பாவையும் திறந்தேன். அதுவும் சரி. மூன்றாவதாகக் கொடியில் கிடந்த இவருடைய நேற்றைய பனியனை எடுத்தபோது இவரே எழுந்து வந்துவிட்டார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பதான் இவ்ளோ பாசம் வந்திருக்கு" என்றார்.

பனியனும் பாஸ். கொரோனா இல்லை. குறைந்தபட்சம் மூக்கில் இல்லை.

என்ன செய்வது, பழக்கம் அப்படி. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட்டு செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. வருகிற சரக்கில் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, மொத்தத்தையும் ஏற்பதா தள்ளுவதா என்று சொல்வேன். புள்ளியியலில் பட்டம் வாங்கியவளுக்கு உலகம் கொடுத்த இடம் இது. குறை சொல்லவில்லை. இதுவரை போல்ட் எதுவும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

ஏப்ரல் 22, வியாழன்

கம்பெனியிலேயே ஊசி முகாம். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு. எனக்கு நாற்பத்தாறு. வயதானதால் கிடைத்த முதல் லாபம்.

காலையிலிருந்து பேக்கிங் பெண்களுக்கெல்லாம் நான்தான் தைரியம் சொன்னேன். "ரத்தம் உறையறதெல்லாம் லட்சக்கணக்கான பேர்ல யாரோ ஒருத்தருக்கு. தினம் இந்த எஸ்டேட் ரோட்டை கிராஸ் பண்றோமே, அதைவிடவா?" சபீனா, "நீங்க சொன்னா சரிதான் மேடம்" என்று போய்ப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள்.

என் முறை நெருங்கியது. முன்னால் இரண்டே பேர். அப்போது ஒரு யோசனை வந்தது. அந்த 'யாரோ ஒருத்தர்' இருக்கிறாரே, அவரும் எங்கோ ஒரு வரிசையில் இப்படித்தானே நின்றிருப்பார்? தனக்கு முன்னால் இருப்பவரின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு, எனக்கெல்லாம் வராது என்று?

"கஸ்டமர் கம்ப்ளெயின்ட், ஒரு நிமிஷத்துல வந்துடறேன்" என்று கழன்றுகொண்டேன். கஸ்டமரும் இல்லை, கம்ப்ளெயின்டும் இல்லை. முகாம் முடியும்வரை ஸ்டோர் ரூமில் வாஷர் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் "போட்டாச்சா?" என்றார். "ம்" என்றேன். ஒரே ஒரு 'ம்'. அதற்கே ரசம் வைத்துக் கொடுத்து, பாத்திரத்தையும் அவரே கழுவினார். கை வலிக்கிறதா என்று கேட்டபோது தேய்த்துக்கொண்டேன் – வலது கையை. அப்புறம் நினைவு வந்து இடது கைக்கு மாறினேன். அவர் நம்புவதற்காக ஒரு பாராசிட்டமால் வேறு.

நாளைக்கே வேறெங்காவது போய்ப் போட்டுக்கொண்டால் இது பொய்யே இல்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 23

நாளைக்கு.

ஏப்ரல் 25, ஞாயிறு

தெரு வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஒப்பாரி. எரியும் சிதைகள், கண்ணீர் முகங்கள், வேப்பிலைப் புகை. எதிர்வீட்டு ராஜம்மா அக்கா யாரோ அழுகிற குரல் பதிவை மூன்று தடவை அனுப்பிவிட்டார். இப்படியே விட்டால் பயத்திலேயே போய்விடுவார்கள் என்று நான் களத்தில் இறங்கினேன். எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன். என் மடமைக்குச் சான்று வேண்டுமே:

'நம் தெருவில் ஏறக்குறைய இருநூறு பேர் இருக்கிறோம். எல்லோருக்குமே நோய் வந்தாலும்கூட, இப்போதைய கணக்குப்படி இரண்டு பேருக்குத்தான் உயிருக்கு ஆபத்து. மற்ற நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேரும் பிழைத்துக்கொள்வோம். முகக்கவசம் போடுவோம். பயம் வேண்டாம்.'

அனுப்பிவிட்டு எனக்கே கொஞ்சம் பெருமை. எவ்வளவு நிதானமான வாக்கியங்கள்! நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

ஏப்ரல் 27, செவ்வாய்

ஆபீஸ் கிளம்பும்போது ராஜம்மா அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏ மதி, அந்த ரெண்டு பேரு யாருன்னு சொல்லிட்டாங்களா?"

"யாருக்கா சொல்வாங்க?"

"கார்ப்பரேஷன்ல."

சிரித்துவிட்டு நகர்ந்தேன். பால் பூத்திலும் அதே பேச்சு. 'எல்லோருக்குமே வந்தாலும்கூட' என்று எழுதியிருந்தேனே, அது எங்கே? அதை யாரும் படிக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டையும் யாரும் படிக்கவில்லை. இரண்டு மட்டும் தெருவில் நடமாடுகிறது. யாருக்குச் சுகர், யாருக்கு பி.பி., யார் காலில் ஏற்கெனவே வீக்கம் என்று ஆய்வு நடக்கிறது. தனக்குச் சுகர் என்பதை ராஜம்மா அக்கா திடீரென்று மறுக்கிறார். "பார்டர்ல கீதுன்னுதான் டாக்டர் சொன்னாரு."

பக்கத்து வீட்டுத் துலுக்கானம் நைனா மட்டும் பீடியை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார். "அந்த ரெண்டுல ஒண்ண எனுக்கு எடுத்து வெச்சிடு மதிம்மா! சொச்சத்த நீங்கோ பாத்துக்கோங்க!"

தெருவே சிரித்தது. நானும்தான்.

பஸ்ஸில் நினைத்துப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் இருநூறில் இரண்டு என்றால் அந்த இரண்டையும் தேடிப் பிடித்துச் சிவப்பு டேக் கட்டித் தனியாக வைப்போம். தெருவும் அதைத்தான் செய்கிறது. நான் மட்டும் என்ன? எழுதும்போதே மனதுக்குள் எழுபது வயது, பீடி, இருமல் என்று நைனா கழுத்தில் ஒரு டேக் கட்டிப் பார்த்தவள்தானே.

மே 4, செவ்வாய்

மூலை வீட்டு ராஜசேகரன் சார் போய்விட்டார். பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யார் விண்ணப்பம் எழுதினாலும் அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சார் மனைவி வாசலில் நாற்காலி போட்டு, ஆம்புலன்ஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை.

இன்று கணக்கு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

மே 5

தெரு எழுதிவிட்டது. ராஜம்மா அக்கா, குரல் பதிவில்: "ஒண்ணு போச்சு. இன்னும் ஒண்ணு கீது."

உட்கார்ந்து நீளமாக விளக்கம் எழுதினேன். காசைச் சுண்டினால் முன்பு விழுந்தது அடுத்து விழுவதைக் கட்டுப்படுத்தாது, இரண்டு என்பது ஒதுக்கீடு இல்லை, நாலும் ஆகலாம், ஒன்றோடும் நிற்கலாம்.

பதில்: மூன்று கும்பிடு, ஒரு ரோஜாப்பூ, "நாலா???" என்று ஒன்று.

மே 13, வியாழன்

நைனாவுக்குக் காய்ச்சலாம். மருமகள் யுவராணி காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். "டெஸ்டுக்கும் வர மாட்டேன்றாருக்கா. ஆஸ்பத்திரின்னாலே கத்துறாரு. இன்னா கேட்டாலும் மதியாண்ட கேளு, கணக்கு அதாண்டதான் கீதுன்றாரு. இன்னா கணக்குக்கா அது?"

நன்றாக வந்து மாட்டினேன்.

மே 14, வெள்ளி

ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப் தெருவுக்கே ஒன்றுதான் இருக்கிறது, எங்கள் வீட்டில். "மதி போவட்டும். அவதான் ஊசி போட்டுகினவ" என்று ராஜம்மா அக்கா தெரு சார்பில் அறிவித்தார். இவரும் வாசலில் நின்று, "போ, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஊசியே போடவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு யுவராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அது தைரியம் இல்லை. திரும்பி வரக் கூச்சமாக இருந்தது.

விரலில் மாட்டினால் எண்பத்தெட்டு. துடைத்து மறுபடி மாட்டினேன். எண்பத்தெட்டுதான்.

"இன்னா சொல்து மிசினு?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லுது நைனா."

"நா வரல." மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "நீதான ரெண்டு பேருன்னு எய்துன? சாரு போய்ட்டாரு. நா போய்ட்டா தெருவுக்கு முடிஞ்சிது. பின்னாடி ஊட்ல புள்ளத்தாச்சி கீது. உம் புருசன் கீறாரு. எவனோ ஒருத்தன் போவத்தான போறான். நா எல்லாம் பாத்துட்டேன், வுடு."

அன்று ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லிக் கத்தியது விளையாட்டு இல்லையா? இவர் இத்தனை நாளும் அந்த இரண்டாவது இடத்தில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தாரா? என் கணக்கை வைத்து என் புருஷனையே காப்பாற்றக் கிளம்பியிருக்கிறார்.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். அது ஒதுக்கீடு இல்லை நைனா, நீங்க போனா இன்னொருத்தர் தப்பிக்க மாட்டாங்க, யாருமே போகாமலும் இருக்கலாம் – அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில், "அப்ப இன்னாத்துக்கு ரெண்டுன்னு எய்துன?" என்றார்.

நியாயமான கேள்வி. விரலில் எண்பத்தேழு.

அப்போதுதான் என் வாய் தானாகத் திறந்தது. "ரெண்டாவது ஆளும் போயாச்சு நைனா."

கண்ணைத் திறந்தார். "யாரு?"

"எங்க பின் போர்ஷன் தட்சிணாமூர்த்தி. அரக்கோணத்துல. காலையிலதான் போன் வந்துச்சு."

"அந்த கொரியர் புள்ளையா? வயசே ஆவலியேம்மா..." கண்ணில் தண்ணீர். எனக்கும்தான் – எனக்குப் பயத்தில். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அப்ப நா?"

"நீங்க போனா மூணாவது. கணக்குல வராது."

"வராதா?"

"வராது. வீணாத்தான் போவீங்க."

மறுபடி கூரை. அப்புறம், "வீணா எதுக்குப் போறது. செல்வகுமார வண்டி எட்த்துனு வர சொல்லு" என்றார்.

மகன் லோடு ஆட்டோவில் பாய் விரித்து அழைத்துப் போனான். அரசு மருத்துவமனை வாசலில் காத்திருந்து, சாயங்காலம் ஆக்ஸிஜன் படுக்கை கிடைத்ததாம்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். இரண்டு தடவை. காபித்தூளை மோந்து பார்த்தேன். மூன்று வருடம் புள்ளியியல் படித்து, நான் சொன்ன ஒரே உருப்படியான கணக்கு முழுப் பொய்.

மே 15, சனி

தட்சிணாமூர்த்தி பாவம், நல்ல பையன். ஊரடங்குக்கு முன்பே ஊருக்குப் போனவன். உயிரோடு, சுகமாக இருக்கிறான். அதோடு தெரு வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறான். அதைத்தான் நான் யோசிக்கவில்லை.

யுவராணி ராஜம்மா அக்காவிடம் சொல்ல, காலை ஏழு மணிக்குக் குழுவில் விளக்குப் படம். 'ஆழ்ந்த இரங்கல்.' வரிசையாகப் பூக்கள். எட்டு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, நான் எப்பக்கா செத்தேன்?"

"நேத்து காலைல" என்றேன். வேறு என்ன சொல்வது?

"குரூப்ல அத்தினி பேரும் பூ போட்டுகிறாங்கோ. என் பர்த்டேக்கு மூணு பேருதான்க்கா விஷ் பண்ணாங்க."

விஷயத்தைச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"நைனா எனுக்கு மீன் கொழம்பு குடுத்துகிறாருக்கா" என்றான். "சரி. அவரு ஊட்டுக்கு வர்ற வரிக்கும் நான் செத்தே இருக்கேன். எங்கம்மா காதுக்கு மட்டும் போவாம பாத்துக்கோங்க."

அடுத்த நிமிடம் குழுவில் 'தட்சிணாமூர்த்தி வெளியேறினார்' என்று வந்தது. ராஜம்மா அக்காவின் குரல் பதிவு: "பாரேன், ஆளு போயி நம்பரும் போச்சு."

மே 17

தொண்டையில் ஏதோ. இல்லை, மிளகாய்ப்பொடி.

மே 19, புதன்

நைனா இன்னும் ஆக்ஸிஜனில்தான். யுவராணிக்குப் போன் செய்யக் கை வரவில்லை. அவளிடமிருந்து வந்தாலும் எடுக்கப் பயம். என் கணக்கு அவரைப் படுக்க வைத்தது, என் பொய் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதில் எதற்கு நான் பொறுப்பு? இரண்டுக்கும்தான்.

இன்று பனியனையும் மோந்தேன். இவரே கழற்றி நீட்டினார்.

மே 23

தானாகச் சாப்பிடுகிறாராம். ஆஸ்பத்திரி இட்லியைத் திட்டினாராம். யுவராணி சொல்லும்போதே சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். "ஐயே, இன்னாக்கா நீங்க" என்றாள்.

மே 29, சனி

நைனா வீடு வந்து சேர்ந்தார். பாதி ஆளாக இருக்கிறார். லோடு ஆட்டோவிலிருந்து இறங்கியதும் எங்கள் பின் போர்ஷனின் பூட்டிய கதவைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 27, ஞாயிறு

செத்தவன் பைக்கில் வந்து இறங்கினான். நான் நைனாவிடம் நல்லபடியாகச் சொல்லி வைத்துவிட்டு அப்புறம் வரச் சொல்கிறேன் என்றிருந்தேன். அவனுக்குப் பொறுக்கவில்லை, வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். ராஜம்மா அக்கா போட்ட அலறலில் தெருவே வெளியே வந்தது. "இன்னாக்கா, பூவெல்லாம் போட்டீங்க, ஒரு மாலை போடக்கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினான்.

நைனா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன்.

"பொய்யி சொல்லி இட்டும்போய்ட்ட."

"ஆமா நைனா."

"அப்ப ரெண்டாவது ஆளு யாரு?"

"யாரும் இல்ல. அது ஆளே இல்ல நைனா. ஒரு அளவு."

திட்டுவார் என்று பார்த்தேன். "அன்னிக்கி உள்ள வந்தியே, நீ பயப்படல? ஊசி போட்டுகின தெகிரியமா?"

"ம்" என்றேன்.

அந்த 'ம்' இப்போது எவ்வளவு கனமாகிவிட்டது.

ஜூலை 17, சனி

"ரெண்டாவது டோஸ் எப்ப? டயம் ஆச்சே" என்று இவர் கேட்டார். பொய்க்கும் இரண்டாவது டோஸ் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது. "கம்பெனியிலேயே நேத்து போட்டுட்டாங்க" என்றேன். மறுபடியும் ரசம் வைத்தார்.

இதுவரை மூன்று முகாம்களைத் தாண்டி வந்திருக்கிறேன். இப்போது ஊசிக்குப் பயமா, உண்மைக்குப் பயமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதல் டோஸ் வரிசையில் என்னை யாராவது பார்த்துவிட்டால்?

செப்டம்பர் 11, சனி

நாளை எல்லா இடத்திலும் பெரிய முகாமாம். எங்களுக்குத் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில். ஆட்டோவில் அறிவித்துக்கொண்டே போனார்கள். முதல் டோஸுக்கு ஒரு வரிசை, இரண்டாவதற்கு ஒரு வரிசை.

என்னிடம் ஏற்கெனவே திட்டம் தயார். பருத்திப்பட்டில் ஆக்னஸ் இருக்கிறாள், கல்லூரித் தோழி. அவள் பக்கத்து முகாமில் என் முகம் யாருக்கும் தெரியாது. காதும் காதும் வைத்த மாதிரி முதல் டோஸ் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஆக்னஸைப் பார்க்கப் போகிறேன் என்று இவரிடமும் சொல்லியாயிற்று. அழகான திட்டம். எங்கும் ஓட்டை இல்லை.

சாயங்காலம் நைனா கேட்டருகே வந்து நின்றார். அவரும் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாமாம், நோய் தீர்ந்து மூன்று மாதம் தாண்டிவிட்டது. ஆனால் முகம் சரியில்லை.

"மதிம்மா, இந்த ஊசில லட்சத்துல ஒருத்தனுக்கு இன்னாவோ ஆவுதாமே?"

"ரொம்ப ரொம்ப அபூர்வம் நைனா."

"அது தெரியும். அந்த ஒருத்தன் நானா இருந்தா?" பீடிக்குக் கை போய், சட்டைப்பை காலியென்று திரும்பி வந்தது. "சிரிக்காத."

நான் எங்கே சிரித்தேன்? கம்பெனி ஊசி வரிசையில் நின்றபோது நான் நினைத்ததை அப்படியே இந்த மனிதர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். ஒரு வித்தியாசம். இருநூறில் இரண்டு என்றதும் அவர் தன்னைக் கொடுத்தார். லட்சத்தில் ஒன்று என்றதும் நான் ஓடினேன்.

"நாளிக்கி கூட வர்றியா?" என்றார். "செல்வகுமாரு லோடுக்குப் போய்டுவான். நீ எதுனா பேசிக்கினே இரு. உனுக்குத்தான் ரெண்டும் ஆயிடுச்சே, உனுக்கு இன்னா பயம்."

"ஆக்னஸ் வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. "வரேன் நைனா" என்றேன். அவர் திரும்பிப் போனபோது நடை கொஞ்சம் தெளிவாக இருந்தது.

கூடப் போவதற்கு மட்டும்தான் ஒப்புக்கொண்டதாக அவர் நினைக்கிறார்.

ராஜம்மா அக்கா இரண்டாவது வரிசையில் நிற்பார், அங்கிருந்து பார்த்தால் முதல் வரிசை முழுக்கத் தெரியும். யுவராணி இருப்பாள். இவரும் வருவார். நான் எந்த வரிசையில் நிற்கிறேன் என்று முதலில் கவனிப்பது யாராக இருக்கும் என்று யோசித்தேன். பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

கை தொளதொளவென்று இருக்கும் பழைய சுடிதாரை எடுத்து நாற்காலியில் போட்டிருக்கிறேன். "நாளைக்கு ஆக்னஸ் வீட்டுக்கு இதையா போட்டுட்டுப் போற?" என்று இவர் கேட்டார். சாயம் போனதுதான், ஆனால் அதன் கை தோள்வரை சுலபமாக மேலே ஏறும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.